மீதி இருபது செக்கன்

சனசமூக நிலையத்தின் பொதுக்கூட்டத்தில் ஒரு திருத்தத்தைச் சொல்ல ஒரு நிமிடம்தான். நேரம் பார்த்து மணியடிப்பது செயலாளர் வாகீசனின் வேலை. போன வருடம் உதயகலா எழுந்து, வாசிகசாலைக்கு வர்ணம் பூசுவதற்கு முன் ஒழுங்கை முடக்கில், ஆட்கள் நடக்கிற வழியோரம் இருக்கிற கிணற்றுக்குச் சுற்றுக்கட்டுக் கட்ட வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். தலைவர் பொன்னம்பலம் கண்காட்ட, வாகீசன் நாற்பதாவது செக்கனிலேயே மணியை அடித்தான். "நேரம் முடிஞ்சுதக்கா, இருங்கோ" என்றான். சபை சிரித்தது. வழிமொழிய ஆளில்லாமல் திருத்தம் விழுந்தது. மார்கழி மழையில் ஒழுங்கையும் கிணறும் ஒரே வெள்ளமாய்க் கிடந்தபோது, உதயகலா அந்தக் கிணற்றில் விழுந்து இறந்தார்.

இந்த வருடம் திருத்தங்களுக்கான நேரம் வந்ததும், வாகீசன் கைபேசியில் அறுபது செக்கன் வைத்தான். திரை இருபது காட்டியது. அழித்துவிட்டு மறுபடி வைத்தான். இருபதுதான். ஓடவும் இல்லை.

"என்ன தம்பி, மணிக்காரருக்கே நேரம் பிடிபடேல்லையோ?" என்றார் பொன்னம்பலம். "திருத்தம் ஒண்டும் இல்லையெண்டால் முடிப்பம்."

ஒலிவாங்கிக்கு முன்னால் ஒருவரும் இல்லை. வாகீசனுக்கு முகம் சுட்டது. எழுந்து நின்றான்.

"நான் வழிமொழியிறன்."

"ஆரின்ரை திருத்தத்தை?"

"உதயகலா அக்கான்ரை. போன முறை நான் நேரத்துக்கு முதலே மணி அடிச்சுப்போட்டன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த கைபேசியில் பத்தொன்பது தெரிந்தது. பிறகு பதினெட்டு. பொன்னம்பலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒலிவாங்கியில், பேசத் தொடங்குமுன் ஒரு பெண் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.