கரையில் கொஞ்சம் வேலை

சாவியைக் காலுறைக்குள் திணித்து, மேலே ஷூவையும் மாட்டிய பிறகுதான் கேப்டனுக்கு மூச்சே வந்தது. பாய்மரப் படகின் சமையல் மூலையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, கரைக்குப் போற அன்னிக்கு மட்டும் மூஞ்சி இப்படிப் பளிச்சுன்னு ஆயிடுது?"

"வேலை தலைக்கு மேல கெடக்கு. பம்புக்கு வாஷர் வாங்கணும், கேன்ல தண்ணி பிடிக்கணும், துணியைச் சலவைக்குப் போடணும்."

"ஒரு வாஷர் வாங்க சாயங்காலம் வரைக்குமா?"

"நேத்து உன் முறை. ஒரு கேஸ் சிலிண்டருக்கு நீ மட்டும் பொழுது சாயத்தானே வந்தே? அதுவும் தலையெல்லாம் நனைஞ்சு!"

"கடையில அப்படி ஒரு கூட்டம்ங்க. வர்ற வழியில அலை வேற அடிச்சுடுச்சு" என்றவள் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கேப்டன் என்பது அவரே தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். ஆயுசு பூராவும் இன்சூரன்ஸ் ஆபீஸில் ஃபைல் புரட்டியவர், ஓய்வு பெற்ற கையோடு வீட்டை விற்று இந்தப் படகை வாங்கினார். "நாலு சுவத்துக்குள்ள அடைஞ்சு கெடக்குறதெல்லாம் ஒரு வாழ்க்கையாங்க?" என்று வீடியோவில் அவர் உலகத்தைப் பார்த்துக் கேட்காத வாரம் கிடையாது. மனைவி பின்னால் நின்று கையாட்டுவாள்.

ஆனால் சுதந்திரப் பறவைகள் இரண்டும் சேர்ந்து பறக்க முடியாது. நங்கூரம் எந்த நேரத்தில் நழுவும் என்று தெரியாததால், ஒருவர் படகில் காவல் இருந்தே ஆக வேண்டும். அதனால் கடைகண்ணிக்கெல்லாம் ஒரு நாள் அவர், மறுநாள் அவள்.

"சீக்கிரம் வந்துடுங்க. நாளைக்கு விடியறப்ப கிளம்பணும். அப்புறம் ஒரு மாசத்துக்குக் கரையே கண்ணுல படாது!"

"ஆஹா, அதுதானே வாழ்க்கை!" என்றார் கேப்டன். குரல் கணீரென்று வந்தது. அவள் கண்ணைப் பார்க்காமல் கேனை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

சின்ன ரப்பர் படகைத் துடுப்பு போட்டுக் கரை சேர்த்தார். கேனில் தண்ணீர் பிடித்துப் படகில் வைத்து, துணியைச் சலவைக் கடையில் போட்டு, வாஷரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டதும் வேலை முடிந்தது. பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, தையல் கடை ஓரமாக இருந்த மாடிப்படியில் திருடன் மாதிரி ஏறினார்.

மாடி வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே வழிவிட்டாள். "வாங்க சார். விரிப்பெல்லாம் மாத்தி வச்சிருக்கேன், போங்க."

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார். ஆசை ஆசையாகப் பார்த்தார்.

கட்டில்!

ஆடாத கட்டில். படகில் திரும்பிப் படுத்தால் முட்டி ஒரு பக்கம் இடிக்கும், மண்டை ஒரு பக்கம் இடிக்கும். குளிக்க ஆளுக்கு இரண்டு செம்புத் தண்ணீர்தான், தலைக்கு ஊற்றுவதென்றால் மழை வர வேண்டும். இங்கே குழாயைத் திறந்தால் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. விரல் நுனி சுருங்கும்வரை குளித்துவிட்டு, நாலு சுவரையும் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, விழுந்து தூங்கினார்.

ராத்திரி ஷிப்ட் வேலை, பகலில் தூங்க இடம் வேண்டும் என்று புளுகித்தான் இந்த அறையைப் பிடித்திருந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தர முடியும், நடு நாளுக்கு வேறு ஆள் இருக்கிறது என்று மாடி வீட்டு அம்மா கறாராகச் சொன்னதும் அவருக்கு வசதியாகவே போயிற்று.

எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். வீட்டை விற்ற அன்று மனைவி அழுத அழுகை கொஞ்சமா? பேசிப் பேசி அவளைக் கரைத்தவர் அவர். இப்போது அவளே வரைபடத்தை விரித்துப் பென்சிலால் கோடு போடுகிறாள். 'வேணாம்மா, எனக்குக் கடல் ஒத்துக்கல, கரையிலயே இருந்துடலாம்' என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? அவள் சந்தோஷத்துக்காக ஒரு மாதம் வாந்தி எடுக்க வேண்டியதுதான்.

வெளியே வந்து சாவியை நீட்டினார். "வேற ஊருக்கு மாத்திட்டாங்கம்மா. இனிமே வர மாட்டேன்."

அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்ன சார் இது, ரெண்டு பேரும் பேசி வச்ச மாதிரி! நடு நாள்ல வர்ற அம்மாவும் நேத்துதான் சாவியைக் குடுத்துட்டுப் போச்சு."

"அப்படியா? அவங்களுக்கு என்னவாம்?" ஒப்புக்குக் கேட்டபடி குனிந்து ஷூவை மாட்டினார்.

"படகுல குடியிருக்காங்களாம் சார், பாவம். கேஸ் சிலிண்டரை இந்தப் படியிலயே வச்சுட்டு வரும். பொழுது சாயற வரைக்கும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டு, ஆசை தீரத் தலைக்குக் குளிச்சுட்டுப் போகும். நேத்து ஒரே அழுகை. கடல்னாலே வயித்தைப் பிரட்டுதாம். நாளைக்குக் கிளம்பணுமாம்."

கேப்டனின் கையில் ஷூ கயிறு அப்படியே நின்றது.

"அதை... அதை வீட்டுக்காரர்கிட்ட வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"நானும் அதையேதான் சார் கேட்டேன். படகை விட்டு இறங்கச் சொன்னா அந்த மனுஷன் செத்தே போயிடுவாராம்!"