மாமனார் ஜீப்பும் மாப்பிள்ளை ஜீப்பும்

“முப்பது வருஷத்து ஜீப்பு ஏறுது. மூணு மாசத்து ஜீப்பு வழுக்குது. இன்னா மாமா மாயம் இது?”

வெற்றிசெல்வன் கதவைத் திறந்து இறங்கினான். செருப்பு சேற்றில் புதைந்தது. வெள்ளிமலையிலிருந்து இதுவரை தொட்டில் போல ஆடி வந்த அவனுடைய புது ஜீப், மாமனார் ஊருக்கு ஏறும் கடைசிக் களிமண் மேட்டில் இரண்டு முறை பாதி தூரம் ஏறி, இரண்டு முறையும் சறுக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டது.

மேட்டின் உச்சியை மேகம் மூடியிருந்தது. அந்த வெள்ளைக்குள் எங்கோ அவன் மனைவி மீனாவும் நான்கு மாத மகளும் கிளம்பித் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். இன்று அழைத்துப் போனால் உண்டு. நாளை ஆடி பிறக்கிறது. அப்புறம் ஒரு மாதம் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். பச்சைப் பிள்ளையோடு இந்தச் சேற்றில் நடந்து வரவும் முடியாது. “மாப்ள வண்டி வாசலுக்கு வரட்டும், அனுப்புறேன்” என்று மாமனார் அம்மாசி கறாராகச் சொல்லியிருந்தார்.

சத்தம் கேட்டுத் தன் பழைய ஜீப்பில் இறங்கி வந்திருந்த அம்மாசி, புது ஜீப்பை நிதானமாக ஒரு சுற்று சுற்றினார்.

“பாரம் ஜாஸ்தி மாப்ள. ஆளுங்கள எறக்குங்க.”

மீனாவை அழைத்துப் போகக் கூட வந்த உறவுக்காரர்கள் ஆறு பேரும் பின்னாலிருந்து இறங்கினார்கள்.

“ஏசி காத்துல குந்திக்கினு வந்தேன், இப்ப சேத்துல குளிக்க வுட்டியேடா!” என்றாள் அவனுடைய சின்னம்மா வெள்ளச்சி.

வெற்றிசெல்வன் மறுபடி முயன்றான். இந்த முறை பாதி தூரம்கூடப் போகவில்லை.

“அந்த அரிசி மூட்டை எதுக்கு? அதையும் எறக்குங்க. பின்னாடி ஒரு சக்கரம் தொங்குதே, அது இன்னா கனம் இருக்கும்!” என்றார் அம்மாசி.

மூட்டை இறங்கியது. மாற்றுச் சக்கரத்தின் திருகுகளைக் கழற்றிக்கொண்டே வெற்றிசெல்வன் கேட்டான்:

“உங்க வண்டி மட்டும் எப்பிடி மாமா ஏறுது?”

“உங்களுதுல பின் சக்கரம் ரெண்டு மட்டுந்தான இழுக்குது?”

“ஆமா. நாலும் இழுக்குற வண்டி வெல ஜாஸ்தின்னு வுட்டுட்டேன்.”

“அதான் சேதி. இங்க வந்து பாருங்க.”

பழைய ஜீப்பின் தரையில் இரண்டு குச்சிகள் நின்றன. நெட்டைக் குச்சி கியர். பக்கத்தில் உள்ள குட்டைக் குச்சியை இழுத்தால் இன்ஜினின் பலம் ஒரு தண்டு வழியாக முன் சக்கரங்களுக்கும் போகும். பின் சக்கரங்கள் தள்ள, முன் சக்கரங்கள் இழுக்கும். புது ஜீப்பில் சுருள் ஸ்பிரிங் இருக்கிறது, தொடுதிரை இருக்கிறது, குழியில் விழுந்தாலும் தண்ணீர் பாட்டில் சாயாது. பழையதிலோ அடுக்குப் பட்டை ஸ்பிரிங். ஒரு கல் மீது ஏறினால் பல் ஆடும். ஆனால் அந்தக் குட்டைக் குச்சி இருக்கிறதே!

இறங்கிய ஆறு பேரும் பழைய ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். அம்மாசி குட்டைக் குச்சியைக் ‘கடக்’கென்று இழுத்தார். கிழட்டு ஜீப் ஒரு முறை இருமியது. பிறகு களிமண்ணைக் கவ்விக்கொண்டு நேராக மேகத்துக்குள் ஏறிக் கரைந்துபோனது. வெள்ளச்சியின் சிரிப்பு மட்டும் வெகுநேரம் மேலிருந்து கசிந்தது.

வெற்றிசெல்வன் தனியாக நின்றான். தூறலா பனியா என்று தெரியாத ஏதோ ஒன்று முகத்தில் படிந்தது. மேகத்துக்கு மேலே ஒரு வீடு, அதில் ஒரு பெண், அவள் மடியில் விரலைச் சப்பும் ஒரு குழந்தை. இங்கே கீழே, கண்ணாடி போல மின்னும் ஒரு வண்டி. நடுவில் இருநூறு அடி மண். இதை விற்றுவிட்டு ஒரு பழைய ஜீப்பை வாங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஆளில்லை, மூட்டையில்லை, மாற்றுச் சக்கரமும் இல்லை. காகிதம் போல இலேசான வண்டியைக் கிளப்பினான். பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று சேற்றை மெழுகின. வண்டி படகு போல மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து நின்றது.

போன் அடித்தது. மீனா.

“இன்னாங்க, எங்க நிக்கிறீங்க?”

“மேட்டுக்குக் கீழதான். உங்கப்பா வண்டி மாதிரி நாலு சக்கரமும் இழுத்தா இந்நேரம் வாசல்ல இருப்பேன்.”

“நாலு சக்கரமா? முன் சக்கரத்துக்குப் போற தண்டு ஒடஞ்சி, கழட்டிப் போட்டு ஆறு வருஷம் ஆவுது. அந்தக் குட்டக் குச்சி சும்மா நிக்குது. அதுவும் உங்க வண்டி மாதிரி ரெண்டு சக்கரந்தான்.”

அவன் கழற்றிப் போட்ட மாற்றுச் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

“ஆமா, உங்க வண்டியில இப்ப யாரு இருக்காங்க?”

“யாருமே இல்ல. உங்கப்பாதான் ஒண்ணொண்ணா எறக்கச் சொன்னாரு. அதுக்கு முன்ன பாதி மேடாச்சும் ஏறிச்சி.”

போனில் குழந்தையின் கொஞ்சல் கேட்டது. அதற்குப் பின்னால், மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்த அம்மாசியின் குரல்: “எங்கண்ணு, ஒங்கப்பன் வண்டி ஏறாதுடி. ஆடி முழுக்க நீ தாத்தா மடியிலதான்!”

மீனா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “எறக்கின எல்லாத்தையும் பின்னாடியே ஏத்துங்க, ஆறு பேரோட இன்னும் ரெண்டு மூட்டையும் நான் கீழ அனுப்பறேன். இழுக்குற சக்கரம் பின்னாடி இருக்குது, அது மேல பாரம் அமுக்கினாதான் மண்ணைப் புடிச்சி ஏறும்.”