துணைக்கு வந்தவர்

“இவ டீயில சர்க்கரை போடாதீங்க. போட்டதை மறந்துட்டு மறுபடியும் போட்டுக்குவா” என்றபடி சர்க்கரைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார் கணவர்.

மனைவி டீயைக் கலக்கினார்.

மறதி நோய் பற்றி அடுத்ததாக எதை ஆராயலாம் என்று நோயாளிகளிடமே கேட்பதற்காக ஆஸ்பத்திரி மாடியில் கூட்டிய கூட்டம் அது. மேசைக்கு ஒரு நோயாளி, துணைக்கு வீட்டார் ஒருவர். இந்த மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த டாக்டர் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவள்.

“உங்களுக்கு எதும்மா ரொம்பக் கஷ்டமா இருக்கு?” என்று மனைவியிடம் கேட்டாள்.

“நான் சொல்றேன்” என்றார் கணவர். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவருக்காகப் பேசியே பழகிய வாய். “வர்றவங்க எல்லாம் ‘நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்’ங்கறாங்க. பெத்த பொண்ணே கேக்கறா. பரீட்சையில ஃபெயிலான மாதிரி முழிச்சுக்கிட்டு உக்காரணும். பேரைச் சொல்லிக்கிட்டே உள்ள வந்தா குறைஞ்சா போயிடுவாங்க?”

டாக்டர் தட்டச்சு செய்துகொண்டு, “நீங்க சொல்லுங்கம்மா” என்றாள்.

“அவர் சொல்றது சரிதான்.”

“மாத்திரைன்னா ஒரே அடம். தினமும் நான் ஒண்ணு முழுங்கிக் காட்டினாத்தான் இவ வாயைத் திறப்பா” என்று தொடர்ந்தார் கணவர். பிறகு குரல் இறங்கியது. “சாயங்காலமானா ஒரு பயம் வருது பாருங்க. இது யார் வீடு, எதுக்கு இங்க இருக்கோம்னு. ஞாபகம் திரும்பி வராட்டியும் பரவாயில்லை டாக்டர். அந்தப் பயத்துக்கு ஏதாவது கண்டுபிடிங்க.”

மனைவி மேசைக்கடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் பொறுமையிழந்தாள். “சார், தப்பா நினைக்காதீங்க. வீட்டுக்காரங்க பேச வேற கூட்டம் இருக்கு. இங்க நோயாளி சொன்னாத்தான் கணக்கு. நீங்க சொன்னதையெல்லாம் நான் அழிச்சாகணும்.”

“நியாயம்தான்” என்று எழுந்தார் கணவர். “நீ தைரியமாப் பேசும்மா. நான் வெளிய இருக்கேன்.” மனைவியின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் வராந்தா நாற்காலியில் உட்காரும்வரை மனைவி கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் டாக்டர் கணவர் சொன்னதையெல்லாம் திரையில் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோயிருந்தாள்.

“அழிச்சிடாதீங்கம்மா!” மனைவி சட்டென்று அவள் கையைப் பிடித்தார். “எனக்குத்தான் உடம்பு சரியில்லைன்னு சொன்னாத்தான் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வருவார்.”

“அப்படின்னா?”

“இவ்வளவு நேரம் பேசினது நோயாளிதான்.”