சிலுவை பேரில் இருந்த மோடம்

"இறந்துட்டாருன்னு உங்க வாயால சொல்லணும் மேடம். அப்பதான் அந்த மோடத்தை வேற பேருக்கு மாத்த முடியும்."

கேபிள் கம்பெனி ஆபீசிலிருந்து பேசிய பெண் மறுபடியும் அதையே சொன்னாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்டது. செசிலி போனைவிட்டு ஒரு அடி பின்வாங்கினாள்.

கடியப்பட்டணத்தில் சத்தியராஜின் வீடு அது. அவன் மனைவி கிரேசிக்குக் குவைத்திலிருக்கும் தங்கச்சியோடு முகம் பார்த்துப் பேச ஆசை. அதற்காகத்தான் பக்கத்துத் தெரு செசிலியிடமிருந்து பழைய மோடத்தை வாங்கி வந்திருந்தான்.

ஒயரைச் செருகினால் நெட் வந்துவிடும் என்று நினைத்தான். லைன்மேன் ஷைஜு வந்து பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த மோடத்தின் நம்பர் கம்பெனியில் இன்னும் செசிலியின் கணவன் சிலுவை பேரில் இருக்கிறது. மனுஷனை மறந்தாலும் மறப்பார்கள், மோடம் நம்பரை மட்டும் இந்தக் கம்பெனிக்காரர்கள் மறக்கவே மாட்டார்கள். அதனால் செசிலியை வரவழைத்து ஆபீசோடு பேச வைத்திருந்தார்கள்.

போன வருஷம் சிலுவையும் சத்தியராஜும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். சத்தியராஜ் மட்டும் திரும்பி வந்தான். பெரிய அலை ஒன்று அடித்தது, மடியில் செருகியிருந்த போனோடு சிலுவை தண்ணீருக்குள் போய்விட்டான், எட்டிப் பிடிப்பதற்குள் ஆளைக் காணோம் என்று கரையில் விழுந்து புரண்டு அழுதான். உடல் கிடைக்கவேயில்லை.

கடலில் காணாமல் போனவர்களுக்கு வெறும் பெட்டியை வைத்தாவது அடக்கம் செய்துவிடுவது ஊர் வழக்கம். செசிலி அதற்குச் சம்மதிக்கவில்லை. கண்ணால் பார்க்காமல் எப்படி அடக்கம் பண்ணுவது என்று பங்குச் சாமியாரிடமே சண்டை போட்டாள். அவன் உயிரோடிருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் ஒரு வருஷமாகத் தவித்துக்கொண்டிருப்பவள். புருஷன் செத்துவிட்டான் என்று இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

"ஒரு பேச்சுக்குச் சொல்லுங்க மைனி. சொன்ன உடனே ஆளு செத்தா போவாரு?" என்றான் சத்தியராஜ்.

செசிலி கண்ணை மூடிக்கொண்டாள். "இறந்துட்டாவ," என்றாள். சொன்னதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் கையாலேயே அவனைக் கடலில் தள்ளிவிட்டது போல இருந்தது.

கம்பெனிப் பெண் நன்றி சொல்லிப் போனை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின.

"நெட்டு வந்தாச்சு. பாஸ்வேர்டு மட்டும் பழசு, அதையும் மாத்தித் தாறேன்," என்று லேப்டாப்பைத் திறந்த ஷைஜு, மோடத்தோடு சேர்ந்திருக்கும் போன்களின் பட்டியலைத் திரையில் பார்த்ததும் கையை எடுத்துவிட்டான்.

"என்னலே?" என்றான் சத்தியராஜ்.

"இதுல சிலுவையண்ணனுக்க பேரு காட்டுது."

"பழைய பேரு அழியாமக் கெடக்கும்."

"பழசுன்னா மங்கலாட்டுல்லா நிக்கும்? இது பச்சையில நிக்கு. அண்ணனுக்க போனு இப்ப நெட்டுல இருக்கு." என்றான் ஷைஜு. "அக்கா வீட்டுல மாட்டுன அன்னைக்கு அந்த போனுக்கு இந்தப் பேர அடிச்சு வச்சதே நான்தான். போனு இங்கன பக்கத்துல இல்லாம இப்படி வராது."

பட்டப்பகல்தான். இருந்தாலும் ஷைஜு கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டான். கடல் இரைச்சல் வீட்டுக்குள் வரை கேட்டது.

செசிலி எழுந்து திரையருகே வந்தாள். அந்தப் பேரை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பி வாசலைப் பார்த்தாள். அங்கே வெயிலைத் தவிர ஒன்றுமில்லை.

"செத்துட்டியன்னு நான் சொன்னதுக்குக் கோவமா?" என்று அந்த வாசலிடம் கேட்டாள். "மனசறிஞ்சு சொல்லல்ல. எங்கன நிக்கிய? உள்ள வாங்க."

 சத்தியராஜுக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஒயரப் பிடுங்குலே! இந்த எளவே எனக்கு வேண்டாம்!" என்று கத்திக்கொண்டே மோடத்தை நோக்கிப் பாய்ந்தான். செசிலி குறுக்கே விழுந்து அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"தொடாதிய! அணைச்சா அவிய போயிருவாவ," என்று கதறினாள்.

அப்போது உள் அறையிலிருந்து கிரேசி சந்தோஷமாகக் கூவினாள்.

"ஏங்க, முந்தாநாளு நீங்க தந்த பழைய போனுல பாஸ்வேர்டு கேக்காமலே நெட்டு தானா வந்திட்டு!"