கடிகாரத்துக்கு ஒரு பரீட்சை

"விரலை எடுக்காதடா. அந்தக் குமிழ் மேலயே வை" என்று அதட்டினார் சகாயநாதன்.

அம்மாவாசை வைத்துக்கொண்டிருந்தார். உலக்கை மாதிரி மணிக்கட்டு அவருக்கு. கடிகார வார் கடைசி ஓட்டையில்தான் எட்டியது.

உப்பளம் மைதானத்தில் காலை ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. பெத்தாங்க் ஆடும் இரும்புக் குண்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மற்றவர்கள் எதிரே டீக்கடைக்குப் போய்விட்டார்கள். வேப்பமரத்தடியில் இவர்கள் இருவர் மட்டும்.

கடிகாரம் பிரான்சிலிருந்து வந்தது. சகாயநாதனின் மகள் மெரின் அனுப்பியது. கையில் கட்டிக் குமிழில் விரலை வைத்தால், இதயம் துடிக்கிற லட்சணத்தைக் கோடாக வரைந்து, நோயின் பெயரைப் போனில் பிரெஞ்சிலேயே எழுதிக் காட்டிவிடும். சகாயநாதனுக்கு அது எழுதுவது எப்போதும் அதே இரண்டு வார்த்தைதான். ஃபிப்ரிலாசியோன் ஓரிகுலேர்.

டாக்டர் அதையே தமிழில் சொல்லியிருந்தார். துடிப்பு தாளம் தப்புகிறது. உள்ளே ரத்தம் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆயுசுக்கும் மாத்திரை.

"எனக்கு ஒண்ணும் வலிக்கலியே டாக்டர்."

"வலிக்காதுங்க. அதான் இதுல சிக்கலே."

"வலிக்காததுக்கே ஆயுசுக்கும் மாத்திரையா? வலிச்சா மோட்சத்துக்கும் சேர்த்து எழுதுவீங்களா?"

இந்தக் காட்சியைச் சகாயநாதன் மைதானத்தில் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டாத வாரமில்லை. செத்தவர்கள் பாவம் தீரக் காத்துக்கிடக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்த பங்குச் சாமியாரையே வாசலில் மடக்கி, "நீங்க போய்ப் பாத்துட்டு வந்தீங்களா ஃபாதர்?" என்று கேட்டவர் அவர். டாக்டர் எந்த மூலைக்கு?

குண்டை வீசுவதற்கு முன் நெஞ்சைத் தட்டிக்கொள்வார். "மாத்திரையத் தொட்டே மாசக்கணக்காச்சு, பாத்துக்க" என்பார். குண்டு குறி தப்பாமல் போய் உட்கார்ந்தால் அதுவே சாட்சி. தப்பினால் தரை சரியில்லை.

மாத்திரை போடுகிறவர்களுக்கு அவர் வைத்த பெயர் 'சில்லறை கேஸு'. சட்டைப் பையில் எப்போதும் ஏதாவது கலகலக்குமாம்.

இன்று கடிகாரத்துக்கே பரீட்சை. அதற்கு நல்ல இதயம் ஒன்று வேண்டும். அம்மாவாசையை விட்டால் யார்? மில் ஓடிய காலத்தில் துணி மூட்டைகளைத் தனி ஆளாக லாரியில் ஏற்றியவர். தலைவலி என்றுகூட அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"எனக்கெதுக்குடா இதெல்லாம்?" என்று முதலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். சகாயநாதன் விடவில்லை. கையை இழுத்துத்தான் கட்டிவிட்டார்.

போன் சிணுங்கியது. சகாயநாதன் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

அதே இரண்டு வார்த்தை.

"பாத்தியாடா!" ஒரு குதி குதித்தார். "உனக்கும் அதேதான்! எருமைக்குக் கட்டுனாலும் இதையேதான் சொல்லும். இந்த மெஷினு, டாக்டரு மெஷினு, எல்லாம் ஒரே குட்டையில ஊறுன மட்டைங்க. வூட்டுல இருக்குற மாத்திரைய மொத்தமா அள்ளி வாய்க்கால்ல வுடுறனா இல்லியா பாரு!"

அம்மாவாசை சிரிக்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றி, வியர்வையை வேட்டி முனையில் துடைத்து, திருப்பிக் கொடுத்தார்.

"அது பொய் சொல்லலடா."

"இன்னா?"

"எனக்கும் அதான். உனக்கு முன்னாடியே."

சகாயநாதனின் வாய் திறந்தபடி நின்றது. "இத்தினி நாளா ஏன்டா சொல்லல?"

"மாத்திரை போடுறவன எல்லாம் நீதான் அந்தக் கிழி கிழிக்கிறியே."

அம்மாவாசை தன் பையிலிருந்து ஒரு குண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"ஆனா நல்லாத்தான் பேசுவ. கேக்கக் கேக்க எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. இவனே நிறுத்திட்டுக் கல்லு மாதிரி நிக்கிறான், நமக்கு இன்னா கேடுன்னு நானும் நிறுத்திட்டேன்."

டீக்கடையில் யாரோ எதற்கோ கைதட்டிச் சிரித்தார்கள்.

"போன மழைக்கு விழுப்புரத்துல மவ வூட்டுக்குப் போறேன்னு ஆள வுட்டுச் சொல்லி அனுப்புனேன்ல? போகல. ஆஸ்பத்திரியில கெடந்தேன். வாய் கோணிக்கிச்சு. இந்தக் கை தூக்க வரல. உடனே கொண்டுபோனதுனால தப்பிச்சேன். பேச்சு திரும்பி வந்ததும் மொத வார்த்தையே உன்னத் திட்டுனதுதான்."

"என்னான்னு?"

அம்மாவாசை சொன்னார். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சகாயநாதன் தலையைக் குனிந்துகொண்டார். அப்படி ஒன்று நடந்து மைதானத்தில் யாரும் பார்த்ததில்லை.

அம்மாவாசை அவர் தோளில் கை வைத்தார். "போனது போவட்டும். நான் இப்ப ஒழுங்காப் போடுறேன். நீயும் நாளையிலேருந்து ஆரம்பிச்சுடுடா. எனக்காவ."

சகாயநாதன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிடா" என்றார். "நாளையிலேருந்து."

வீட்டில் அவர் மனைவி வெரோனிகாவிடம் ஒரு சட்டம் உண்டு. தினமும் காலையில் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினால்தான் காப்பி.

சகாயநாதன் ஒரு நாள்கூடக் காப்பி குடிக்காமல் மைதானத்துக்கு வந்ததில்லை.