கைக்குட்டையில் இறங்கிய விமானம்

"எவன்டா அவன்? கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டானா? என் விமானத்தைத் தொட்டவன் எவன்?"

மீன் ஏலக்காரர் இசோகாய் போட்ட சத்தத்தில், ஜப்பானின் ஷிமிசு துறைமுகச் சமூகக்கூடத்துக் கண்காட்சி மேசைகளில் இருந்த குட்டி விமானங்களெல்லாம் ஒரு குலுங்கு குலுங்கின.

மாடல் சங்கத்தின் செயலாளர் குராமோச்சி ஓடிவந்தாள். வெளியில் பல் செட் செய்வது அவள் தொழில்; சங்கத்தில் டாங்கி தவிர வேறெதையும் செய்ய மாட்டாள்.

"இதென்ன உங்க சூரை மீன் ஏலமா, இசோகாய்-சான்? மெல்லப் பேசுங்க."

"எப்படி மெல்லப் பேசுறது? பாருங்க, இன்னைக்கும் இறக்கி வச்சிருக்கான்!"

கண்ணாடிக் கம்பியின் நுனியில் பறந்துகொண்டிருக்க வேண்டிய வெள்ளி நிற ஜெட் போர் விமானம், மடித்துப் போட்ட ஒரு கைக்குட்டையின் மேல் வயிறு படியப் படுத்திருந்தது. நேற்றும் இதே கதைதான்.

அந்த மாடல் பெட்டியில் சக்கரங்களும் இருந்தன. நிற்கிற விமானமா, பறக்கிற விமானமா என்பது செய்கிறவர் இஷ்டம். இசோகாய் பறக்க விட்டார். சக்கரக் கதவுகளை மூடி ஒட்டி, கோடே தெரியாமல் தேய்த்துத் தேய்த்து, அதன்மேல் வெள்ளி அடித்தார். வெள்ளிப் பூச்சு பொல்லாதது. ஒரு விரல் ரேகையைக்கூட மன்னிக்காது.

"நாளைக்குப் பார்க்க வர்றவங்க ஓட்டெடுப்பு. மூணு வருஷமா உங்க டாங்கிகிட்டத் தோத்தாச்சு. இந்தத் தடவை கோப்பை எனக்குத்தான். அதைக் கெடுக்க எவனோ கிளம்பியிருக்கான்!"

"நான் இல்லப்பா," என்றாள் குராமோச்சி.

விமானத்தைத் திரும்பவும் கம்பியில் ஏற்றிவிட்டு, இருவரும் தட்டிக்குப் பின்னால் காத்திருந்தார்கள்.

மதியம் கூட்டம் கலைந்தது. ஜன்னல் வழியே விரிகுடாவின் வெளிச்சம் உள்ளே வந்து கூரையில் அலையடித்தது. கம்பி கண்ணுக்கே தெரியவில்லை. விமானம் மட்டும் தன்பாட்டுக்குக் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. உள்ளே அரிசியளவு விமானி, எங்கோ பார்த்தபடி. குராமோச்சிக்கே கண் சொக்கியது.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தாள். நரைத்த தலையில் துணித்தொப்பி. கைக்குட்டையை மடித்து மேசையில் போட்டாள். இரண்டு கைகளாலும் விமானத்தை ஏந்தி, மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"வந்தாச்சா?" என்றாள் விமானத்திடம்.

இசோகாய் பாய்ந்து போய் எதிரே நின்றார். "அம்மா! என்ன பண்றீங்க?"

அவள் பதறிப்போய்க் கும்பிட்டாள். "மன்னிச்சுடுங்க. வாலில் இருக்கிற நம்பர்... என் வீட்டுக்காரர் ஓட்டினது. காலையில கிளம்பும்போது, ராத்திரிக்குக் குழம்பு சோறு பண்ணி வைன்னார். கடலுக்கு மேல போனார். அவரும் கிடைக்கல, விமானமும் கிடைக்கல."

இசோகாய் குனிந்து வாலில் இருந்த நம்பரைப் பார்த்தார்.

"இங்க வந்து பார்த்தா, இன்னும் பறந்துக்கிட்டே இருக்கார். எவ்வளவு வருஷம்தான் பறப்பார்? களைச்சிருப்பாரேன்னுதான் இறக்கினேன். சக்கரம் இல்ல, வயிறு உரசுமேன்னு கைக்குட்டை போட்டேன்."

இசோகாய் சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினார். "கண்காட்சிப் பொருளைத் தொடக்கூடாதும்மா. போர்டு வச்சிருக்கோம்ல?"

அவள் இடுப்பு மடியக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள். "தினமும் பஸ்ல இந்த வழியாத்தான் போறேன். இனிமே இங்க இறங்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

குராமோச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்கள்லாம் ஒரு மனுஷனா? ஒரு கோப்பைக்காக இப்படியா?"

அவர் விமானத்தைப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நாளைக்கு ஓட்டெடுப்பு! எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"என் விமானம். என் இஷ்டம்."

மறுநாள் காலை கூடத்து வாசலில், பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபடி, மீன் விலை எழுதும் பெரிய பலகை ஒன்று நின்றது. இசோகாயின் முரட்டுத் தூரிகை எழுத்து:

'என் விமானத்தைத் தொட்டவருக்கு!'

குராமோச்சி அதற்குமேல் படிக்கவில்லை. ஒரு பாவப்பட்ட மனுஷியை ஊரறிய அவமானப்படுத்துவதா? தைத் தையென்று உள்ளே போனாள்.

"அந்தப் பலகையை இப்பவே எடுங்க. இல்லேன்னா சங்கத்தை விட்டே உங்களை..."

அவள் கண் மேசையில் பட்டது.

விமானம் கம்பியின் மேல் இருந்தது. ஆனால் அந்த வழவழப்பான வயிறு அறுபட்டிருந்தது. மெழுகிய பசை சாம்பல் தழும்பாகத் தெரிந்தது. வெள்ளி முழுக்க விரல் ரேகை. ஒரு குழந்தைகூட இதற்கு ஓட்டுப் போடாது. தழும்புகளுக்கு நடுவிலிருந்து மூன்று சின்னச் சக்கரங்கள் கீழே நீண்டிருந்தன.

இசோகாய் விரலில் பிளாஸ்திரியோடு, ஜன்னல் வழியே பஸ் நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்தாதீங்க," என்றார் கரகரத்த குரலில். "போய் முழுசாப் படிங்க."

குராமோச்சி வாசலுக்குத் திரும்பினாள்.

'என் விமானத்தைத் தொட்டவருக்கு! சக்கரத்தை உள்ளே வைத்து ஒட்டிய மடையன் நான்தான். இப்போது இறக்கிவிட்டேன். கைக்குட்டை வேண்டாம். ஆனால் தரையிறக்குவது என் வேலை இல்லை. வேறெவனும் தொடவும் விடமாட்டேன். பாதியில் விட்டுப் போனது நீங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வாருங்கள். வந்து, இன்றைக்காவது அவரை ஒழுங்காக இறக்கி வையுங்கள்!'