பன்றிகளுக்கு என்ன பிடிக்கும்?

"அக்கா, அங்க பாருங்கோ. நிஸார் நானா இண்டைக்கும் சாக்கோட வாறார்" என்றான் காப்பகத்து உதவியாள் நிருஷன்.

ரஜிதா திரும்பிப் பார்த்தாள். அவர்தான். வழமைபோலக் கம்பி வலைக்கு வெளியே தள்ளி நின்றார்.

பூவரசங்குளத்து விலங்குக் காப்பகத்தில் ஐந்து காட்டுப்பன்றிக் குட்டிகள் இருந்தன. யாரோ பூசணிக்காய்க்குள் ஒளித்து வைத்த வெடியைக் கடித்துத் தாய் செத்துப்போனது. குட்டிகளுக்குப் போத்தலில் பால் பருக்கி வளர்த்தவள் ரஜிதா. இப்போது வளர்ந்து, குட்டிப் பருவத்து முதுகு வரிகள் மங்கிவிட்டன. வருகிற கிழமை காட்டில் விடப்போகிறார்கள்.

அந்தக் காட்டுக்கும் நிஸார் நானாவின் கச்சான் கடலைத் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

நானா முதலில் கொண்டுவந்தது மரவள்ளி. பிறகு சோளம். பிறகு பயற்றங்கொடி. வலைக்கு மேலால் எறிவார். குட்டிகள் அடிபிடிபட்டுத் தின்னும். கண் வெட்டாமல் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

"உங்களுக்கும் பண்டிக்கும் என்ன நானா சம்பந்தம்?" என்று நிருஷன் ஒருமுறை பகிடி விட்டான்.

"தின்னுறது அதுகள்தானே தம்பி, நானில்லையே" என்றார் அவர்.

நிருஷன் சிரித்தான். ஆனால் பிறகு ரஜிதாவிடம் மெல்லச் சொன்னான்:

"விளங்கேல்லையோ அக்கா? எதைக் கண்டா பாய்ஞ்சு வருதெண்டு பாக்கிறார். அதுக்குள்ள வெடி வைக்கத்தான்."

அதிலிருந்து ரஜிதாவுக்கு நித்திரை இல்லை. இன்றைக்கு நேராகவே போய் மறித்தாள்.

"ஒண்டும் போடவேண்டாம் நானா."

"ஏன் மகள்?"

"எது பிடிக்குமெண்டு அறிஞ்சுபோய் வெடி வைக்கத்தானே வாறியள்? உங்கட கச்சானைப் பண்டி கிண்டினது ஊருக்கே தெரியும். அதுக்கு இந்தக் குட்டியள் என்ன செய்ததுகள்?"

நிருஷன் தலை குனிந்துகொண்டான்.

நானா கோபப்படவில்லை.

"கிண்டினதுதான். ஒரு பாத்தியும் மிஞ்சேல்லை. பக்கத்துக் காணிக்காரர் வெடி கொண்டுவந்து தந்தவர்தான்."

"அப்ப நான் சொன்னது சரிதானே!"

"இதை மட்டும் போடவிடுங்கோ. இனி வரமாட்டன்."

சாக்கில் கிடந்தவை காயோடு பிடுங்கிய எள்ளுச் செடிகள். ரஜிதா ஒன்றை முறித்து, காயைப் பிதுக்கிப் பார்த்தாள். வெறும் எள்ளு. வேண்டாவெறுப்பாக உள்ளே எறிந்தாள்.

குட்டிகள் ஓடி வந்தன. முகர்ந்து பார்த்தன. ஒன்று தும்மியது. இன்னொன்று மூக்கால் தட்டிவிட்டது. ஐந்தும் வாய் வைக்காமல் திரும்பிப் போய்விட்டன.

நானாவின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"தொடவே இல்லை. அதுக்கேன் சிரிக்கிறியள்?"

"நான் இடம்பெயர்ந்து போய்ப் புத்தளத்தில கடை வச்சிருந்தவன், மகள். காணிக்குத் திரும்பி வந்து இது ரெண்டாம் போகம். தோட்டம் பற்றி என்ன தெரியும்? ஊரில ஆளுக்கொரு கதை சொல்லுகினம். அதுதான் அதுகளிட்டயே கேக்க வந்தனான்."

"எது பிடிக்குமெண்டோ?"

"இல்லை. எதைத் தின்னாமல் விடுமெண்டு. வெடியை அண்டைக்கே திருப்பிக் குடுத்திட்டன். கச்சானை விட்டிட்டு இந்தமுறை எள்ளு விதைக்கப்போறன். நீங்க குட்டியளைப் பயப்பிடாமல் காட்டில விடுங்கோ."